முதல் கை நீர்

அணை மதகு திறக்கும்போது முதல் கை நீரைக் குடிக்கும் உரிமை உலகநாதர் வீட்டு மூத்தவருக்கே உண்டு. அவர் மறுத்தால் அது பங்காளி வீட்டுக்குப் போய்விடும். இந்த ஆண்டு மழை பொய்த்து, அணையில் அடித்தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது. ஆற்றோர ஊர்களின் மாடுகளாவது பிழைக்கட்டும் என்று அதையும் விடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது.

மதகுக்காரர் மூக்கன் சக்கரத்தைக் கொஞ்சம் திருகினார். கறுத்த சேற்றுநீர் கொழகொழவென்று வந்தது. அதில் வெடித்த வயிற்றோடு மீன்கள் மிதந்தன. கூட்டமே மூக்கைப் பொத்தியது. மூக்கைப் பொத்துவது உலகநாதருக்குக் கேவலமாகப் பட்டது.

"சும்மா உதட்டுல தொட்டுட்டு விட்ருங்க சார்," என்றார் இன்ஜினியர்.

"எங்கப்பா தொட்டுட்டா விட்டாரு?" என்றவர், குனிந்து அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டார்.

வழுவழுவென்று ஏதோ நாக்கில் ஒட்டியது. விழுங்கப் பார்த்தார், தொண்டை இறங்க விடவில்லை. கண்களில் நீர் முட்ட, கன்னம் உப்ப, முதுகை வளைக்காமல் நின்றார்.

பங்காளி அய்யாத்துரை பல்லைக் காட்டினான். "முடியலன்னா துப்பிருங்க அண்ணாச்சி. நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

உலகநாதர் அவனை முறைத்தபடியே மதகின் பக்கம் கையை நீட்டினார். தண்ணீர் வாடை பட்ட மாடுகள் கரையில் கத்தத் தொடங்கின.

மூக்கன் சக்கரத்தை விட்டுக் கையை எடுத்தார்.

"கையக் காட்டுனா எப்படி பெரியய்யா? குடிச்சவுக வாயால சொன்னாத்தான தொறக்க முடியும்? சொல்லுங்க."