வௌவால்களுக்கு விட்ட தோப்பு

வௌவால்கள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத அந்த ஊரில், கொய்யாத் தோப்புக்காரி செல்லக்கனியிடம் சுகாதாரப் பணியாளர் அருள்தாஸ் தயங்கித் தயங்கித் தன் கைபேசியில் நோய் வரும் இடத்தை முன்கூட்டியே கணிக்கும் வரைபடத்தைக் காட்டினார். ஆலம்பழம் பொய்த்த அந்த ஆண்டில், பசித்த வௌவால்கள் வியாழனன்று பள்ளிக்கூடத்து வாதாம் மரத்துக்கு வரும் என்றும், அவை கடித்துப் போடும் பழத்தில் கிருமி மிகுந்திருக்கும் என்றும் அது சிவப்பாகக் காட்டியது. மூன்று ஆண்டுகளாக அது சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

“உங்க தோப்பு வலையை எடுத்துட்டா, அதுங்களுக்கு இங்கேயே வயிறு நிறைஞ்சிடும், பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதுக்கா.”

“வௌவாலுக்குப் பந்தி போடச் சொல்றீங்க. மொய்யாவது வைக்குமா?”

அருள்தாஸ் சிரித்தார். செல்லக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மரத்தடியில் வாதாங்கொட்டை பொறுக்கித் தின்பதில் அவள் மகள் மலர்விழிதான் முதல் ஆள்.

புதனன்று, சந்தைக்குப் போகவேண்டிய விளைச்சலைப் பார்த்தபடியே, தானே ஏணி வைத்து வலைகளைக் கழற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தோப்பெங்கும் கடிபட்ட கொய்யா கிடந்தது. வரைபடத்தில் தோப்பு சிவந்திருந்தது, பள்ளிக்கூடம் பச்சையாகியிருந்தது. செல்லக்கனி தோப்பைப் பூட்டிவிட்டு வந்து, பள்ளிக்கூடம் கிளம்பிய மகளுக்குத் தலை பின்னினாள்.

“வௌவால் நமக்கு ஒண்ணாவது மிச்சம் வச்சுச்சாம்மா?”

“வச்சுச்சு,” என்று மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள் செல்லக்கனி. “ஆடாம நில்லு, ரிப்பன் கட்டணும்.”