பெண் பிடிக்கவில்லை

டாக்டராகி அமிர்தவல்லி ராயபுரத்துக்கே வேலைக்கு வந்ததிலிருந்து கெங்கம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம்; வகுப்பில் கெங்கம்மாதான் முதல். இன்று அவள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், இவள் இடுப்பில் காய்ச்சலில் அனத்தும் குழந்தை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஹார்பரில் வேலை பார்க்கும் அவள் புருஷன் கிருஷ்ணப்பன் முதலில் பெண் பார்க்கப் போனது அமிர்தவல்லியைத்தான். "பொண்ணு புடிக்கல" என்று எழுந்து வந்தவன், அடுத்த மாதம் கெங்கம்மாவைப் பார்த்ததும் "புடிச்சிக்கீது" என்றான். அன்றோடு அவள் படிப்பு நின்றது. ஆனாலும் அந்த ஒரு சொல்லில் அவளுக்குத் தனிப் பெருமை.

ஆஸ்பத்திரியில் அதைக் குத்திக்காட்டாமல் இருக்க முடியவில்லை. "எங்க வூட்டுக்காரரு உன்னை வாணாம்னு சொன்னாரே, நெனப்பு கீதா?"

டாக்டர் சிரித்தாள். "மறப்பேனா கெங்கா? பலகாரத் தட்டை நீட்டுறப்போ, 'நான் படிக்கணும், காப்பாத்துங்க'ன்னு அவராண்ட கிசுகிசுத்தேன். நானே மாட்டேன்னு சொல்லியிருந்தா நைனா தோலை உரிச்சிருப்பாரு. பாவம், பழியை அவரு ஏத்துக்கினாரு."

கெங்கம்மா வீடு திரும்பினாள்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்றான் கிருஷ்ணப்பன்.

குழந்தையை அவன் மடியில் போட்டாள்.

"என்னியும் புடிக்கலன்னு சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"