கம்பி ஏறிய கொடி

விடிந்தபோது கொடி பூத்திருந்தது.

சிறைச் சமையல்கட்டின் பின்கதவைத் திறந்த டிரைவர், கழுவு தண்ணீர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். லாரி ஓட்டியவன் என்பதால் உள்ளே எல்லோருக்கும் அவன் டிரைவர். இப்போது அவனுக்குக் காய் நறுக்குகிற வேலை.

மதிலோரத்து முள்கம்பி இரவு மழையில் நனைந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத்தான் கொடி ஏறியிருந்தது. அதற்குத் தனியாகக் கை கிடையாது. இலையின் நுனியே சுருண்டு, கைக்குழந்தை விரலைப் பிடிப்பதுபோல, கிடைத்ததை இறுக்கிக்கொள்ளும்.

நேற்றுவரை பச்சை மொட்டு. இன்று அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, யாரோ கீழிருந்து ஊதிவிட்ட தீபோல, இதழெல்லாம் மேலே வளைந்து நின்றன.

வெளியே இருந்த காலத்தில் எத்தனை காடு, எத்தனை மலைப்பாதை தாண்டியிருப்பான்! ஒன்றையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் முன்னால் போகிற வண்டியின் முதுகு.

கம்பி எண்ண வந்த இடத்தில்தான் அவனுக்குக் கண் திறந்தது. மதில்மேல் வெயில் ஏறுவதற்கும், சாக்கடை ஓரத்தில் தட்டான் வந்து உட்காருவதற்கும்கூட மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிடுவான்.

இந்தக் கொடி அவனே நட்டது. கோடையில் செத்தவன்போல மண்ணுக்குள் போய்விடும். முதல் மழைக்கு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல எழுந்து வரும். போன வருஷம் வெறும் இலையோடு நின்றுவிட்டது. இந்த வருஷம்தான் பூ.

சிறைப் பண்ணை ஆடுகள் மதிலோரத்தில் ஒரு புல் விடாது. கொடியருகே வந்ததும் முகர்ந்து பார்க்கும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் போய்விடும்.

"டிரைவர்! உங்கம்மா வந்திருக்காங்க. கையக் கழுவிட்டு வா!"

வார்டரின் குரல். மழையோ வெயிலோ, மாதம் தவறாமல் வருகிற அந்த அம்மாள்மீது அவருக்குத் தனி மரியாதை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள் என்று மற்ற கைதிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம், முதுகு சாயாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் அவள் காலைச் சுற்றித் தேங்கியிருந்தது. அவள் காலை நகர்த்தவில்லை.

அவன் கும்பிட்டான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண் உள்ளே போயிருக்கிறதா என்று நிதானமாகத் தேடினாள்.

"சாப்பிட்டியா?"

எந்தத் தாயும் கேட்கிற கேள்விதான். பின்னால் நின்ற வார்டர் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஒவ்வொரு மாதமும் இந்தக் கேள்விக்கு எதையாவது சொல்லி மழுப்பிவிடுவான். இன்று பூவைப் பார்த்த மனசு பொய் சொல்ல விடவில்லை.

"இல்லம்மா. நட்டு வெச்சுட்டேன்."

முதல் தடவை வந்தபோது பழங்களோடு ஒரு கிழங்கையும் கொடுத்திருந்தாள். வேகவைத்துச் சாப்பிடு, உடம்புக்கு நல்லது என்றாள். வாசலில் சோதனை போட்டவர் முகர்ந்து பார்த்து, ஏதோ கிழங்கு என்று விட்டுவிட்டார்.

டிரைவர் காட்டோரத்தில் வளர்ந்தவன். கலப்பைபோல வளைந்திருந்த அதைக் கையில் வாங்கியதுமே தெரிந்துகொண்டான். கண்வலிக்கிழங்கு. மாட்டையே சாய்த்துவிடுகிற விஷம்.

தூக்கி எறியத்தான் அவனுக்குக் கை வரவில்லை. உள்ளே வந்தபிறகு அவனுக்கென்று ஒருவர் முதன்முதலாகச் சுமந்துகொண்டு வந்தது அதைத்தான்.

"இன்னைக்குப் பூத்திருக்கும்மா. அவ்வளவு அழகு. நீங்க பாக்கணும்."

அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. வெளியே மறுபடி தூறல் போட்டது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வலைக்கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்து, வார்டருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அப்போ மண்ணுக்குள்ள கிழங்கும் நல்லாப் பருத்திருக்கும்."

"ஆமாம்மா."

"அவசரம் ஒண்ணுமில்ல. என் உசிரு இருக்கிற வரைக்கும் வருவேன்."

அந்த வார்த்தை போதுமாக இருந்தது அவனுக்கு. கண் நிறைந்துவிட்டது. இன்னொரு முறை கும்பிட்டான். அவள் குடையை விரித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"குடுத்து வெச்சவன்டா நீ," என்றார் வார்டர். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அம்மா யாருக்குக் கிடைக்கும்?"

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவனைப் பெற்றவள் தீர்ப்பு வந்த அன்றே அவனைத் தலைமுழுகிவிட்டாள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மாதாமாதம் வருகிறவள் வாசலில் தன்னை அம்மா என்றுதான் சொல்லிக்கொண்டாள். அதில் பொய் இல்லை. யாருக்கு அம்மா என்று அவர்கள்தான் கேட்கவில்லை.

அவனோடு ஒரே வண்டி ஓட்டிய சிநேகிதனுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோறு போட்டவள் அவள். அந்தச் சிநேகிதனைத்தான் ஒருநாள் லாரி ஷெட்டில், குடிவெறியில், வீல் ஸ்பேனரால் அவன் அடித்துக் கொன்றுபோட்டான்.

தூறல் மழையாகிக்கொண்டிருந்தது. வேர் அரித்துக்கொண்டு போவதற்குள் கொடிக்கு மண் அணைத்துவிட வேண்டும் என்று அவன் சமையல்கட்டுக்குப் பின்னால் ஓடினான்.