இருநூற்றெண்பது குதிரைகளின் தீனி

காரின் விளம்பரத் தாளில் 280 குதிரைச்சக்தி என்று போட்டிருந்தது. ரவீந்திரனுக்கு அது போதும். புக்கிட் ரோத்தான் ஊரில், சூப்புக்காகத் தங்க விலைக்குப் போகும் பறவைக்கூடுகளை விற்கும் வியாபாரியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், போலீஸ் சுதாரிப்பதற்குள் புஞ்சாக் ஆலாம் போய்விடலாம்.

காரை ஓட்டப்போகிற குகனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அவன் கார்ப் பட்டறை வைத்திருப்பவன். எதையும் விளக்காமல் விடமாட்டான். ஜப்பானிலிருந்து இறக்குமதியான அந்தக் காரும் அவனிடம் சர்வீசுக்கு வந்ததுதான். சொந்தக்காரர் உம்ரா யாத்திரைக்கு மெக்கா போயிருந்தார்.

“அண்ணே, 280 ஜப்பான் கணக்கு. அங்க 100 ஆக்டேன் எண்ணெய ஊத்தி அளந்தது. நம்ம மலேசியா 95-ஐ ஊத்துனா அத்தன குதிரையும் வராது லா.”

“எல்லாம் பெட்ரோல்தானடா.”

குகன் பொறுமையாக ஆரம்பித்தான். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் நசுங்கிக் கிடக்கும். பிளக்கின் பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேரும்வரை அது காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையின் அளவுதான் ஆக்டேன். பொறுமை குறைந்த பெட்ரோல் கண்டபடி வெடிக்கும். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே எதிர்த்துத் தள்ளுவதைப்போல. அந்தச் சத்தம் கேட்டதும் எஞ்சினைக் காப்பாற்ற, காரின் கணினி பொறியைத் தாமதமாக்கிவிடும். ஊஞ்சல் தாண்டிப் போனபிறகு தள்ளுகிற கதை. வேகம் எங்கிருந்து வரும்?

“நீ திருட வந்தியா, டியூஷன் எடுக்க வந்தியா?” என்றான் ரவீந்திரன்.

“பச்சைக் குழாயில 97 ஊத்துங்கண்ணே. அதுக்கும் கொஞ்சம் கொறயும், பரவால்ல. 95 ஊத்துனா மாட்டிக்குவோம்.”

ரவீந்திரன் தலையாட்டிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, போலி நம்பர் பிளேட் மாட்டிய காரைத் தானே எண்ணெய் நிலையத்துக்கு ஓட்டிப் போனான்.

பெட்டி சுலபமாகவே கைக்கு வந்தது. ஆனால் வாய்க்கால் பாலம் தாண்டுவதற்குள் பின்னால் சைரன். குகன் மிதித்தான். இருபது முப்பது குதிரைகள் லாயத்திலேயே படுத்துவிட்டதுபோல் இருந்தது.

“95-ஆ ஊத்துனீங்க?”

ரவீந்திரன் ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களை ரசித்தான்.

கண்ணாடியில் ரோந்துக் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. செம்பனைத் தோட்டத்தின் நேர்ச்சாலை வந்ததும், குகன் இருக்கிற குதிரைகளை எல்லாம் அவிழ்த்துவிட்டான். கண்ணாடியில் இருந்த கார் புள்ளியாகி மறைந்தது. தப்பித்துவிட்டார்கள்.

“பாத்தியா? ஒன் பாடமெல்லாம் வீண்” என்று சிரித்தான் ரவீந்திரன்.

மறுநாள் பட்டறை வாசலில் போலீஸ் வேன் வந்து நின்றது. உள்ளே, விலங்கோடு, ரவீந்திரன்.

இன்ஸ்பெக்டர் உஷாராணியிடம் குகன் மெல்லக் கேட்டான். “மேடம், வண்டி இழுக்கலைன்னுதானே கண்டுபிடிச்சீங்க?”

“இல்ல தம்பி. வண்டி பறந்துச்சு. எங்க ஆளுங்களால கிட்டவே வர முடியல. ஆனா அந்த நம்பர் எண்ணெய் நிலையத்து கேமராவுல இருந்துச்சு.”

“நம்பர் பொய்யாச்சே. மொகத்தையும் மூடிக்கிட்டுத்தானே போனாரு?”

“ஆமா, எல்லாத்தையும் மூடிக்கிட்டுப் போயி, அரசாங்கச் சலுக வெலையில 95 ஊத்தறதுக்குத் தன்னோட அடையாள அட்டைய மெஷின்ல சொருகியிருக்காரு.”