தலைவியின் வாயில் அரிசி

நேற்றுவரை ஒரு வரிசையை நடத்திய எறும்பிடம் இன்று மூன்று வரிசைகளை ஒப்படைத்திருந்தார்கள். அப்படியும் அது தன் பங்கு அரிசியைத் தானேதான் தூக்கியது.

அடுக்களை கழுவிய தண்ணீர் ஓடி வருவதை முதலில் பார்த்ததும் அதுதான். உடனே கத்தியது. ஆனால் அரிசி எடுக்கப் போய்க்கொண்டிருந்த மூன்றாம் வரிசை நேராகத் தண்ணீருக்குள் நடந்தது.

அந்த வரிசையிலிருந்து ஓர் எறும்பு நனைந்து, தட்டுத்தடுமாறி மேலேறி வந்தது.

“பாதி பேரைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஏன்க்கா சொல்லல?”

தலைவி அரிசியைக் கீழே வைத்தது. “தொண்டை கிழியக் கத்தினேனே.”

“இதைக் கவ்விக்கிட்டா? சுமை தாங்காம முனகுறீங்கன்னு நெனச்சோம்.”

தலைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மூணு வரிசையை என் தலையில கட்டினீங்களே, அரிசியை நாங்க தூக்குறோம்னு ஒருத்தராவது வந்தீங்களா?”

“வந்தோமே. ‘நீ கீழ போட்டுடுவே’ன்னு விரட்டினது யாரு?”

“சரி, இப்போ இதை யார் தூக்குறதாம்?”

நனைந்த எறும்பு அரிசியைக் கவ்விக்கொண்டு புற்றை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது.