கோஸ்தாவின் ஹெட்லைட்

"திங்கக்கிழமை காலையில இந்தக் கார் ஓடியாகணும் மாமா. எப்படின்னெல்லாம் எனக்குத் தெரியாது!"

ரலிட்சா இடுப்பில் கைவைத்து நின்றாள். மேட்டுவீட்டு கோஸ்தா அந்த வெள்ளை லாடாவின் முன்னால் குனிந்திருந்தார். ஒரு ஹெட்லைட் இருந்த இடத்தில் வெறும் குழி. மட்கார்ட் உள்ளே மடங்கி டயரைக் கடித்துக்கொண்டிருந்தது.

"பனிக்காலம் முடியட்டும்னு பார்த்தேன்மா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா..."

"பனிக்காலம் முடியற வரைக்கும் வேலை எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? வியாழக்கிழமை நான் பஸ் ஏறிப் போய்ப் பரீட்சை எழுதிட்டு வர்றதுக்குள்ள, நிறுத்தியிருந்த காரை இடிச்சுட்டீங்க. நேத்து போன் வந்துச்சு, நான் பாஸ். திங்கக்கிழமை காலையில தர்னோவோவுல இன்டர்வியூ. அந்த நேரத்துக்கு அங்க போக பஸ் கிடையாது. இருட்டுல ஒத்தை லைட்டோட போனா போலீஸ் மடக்கும். போகலைன்னா வேலை அடுத்த ஆளுக்கு. போதுமா?"

"ஐஸ்மா. மேலேருந்து மெதுவாத்தான் இறங்கினேன். உங்க கேட்டுக்கு நேரா வந்ததும் கண்ணாடி மேல விட்ட மாதிரி வண்டி சுத்திடுச்சு. பிரேக் பிடிக்கவே இல்லை."

"ஒரு வாரமா மழை இல்லை, பனி விழலை. தெரு பூரா காஞ்சு கிடக்கு. எங்க வாசலுக்கு மட்டும் வானத்துலேருந்து ஸ்பெஷலா ஐஸ் இறங்குச்சா? மத்தியானம் நான் வந்து பார்த்தேனே, பொட்டு ஈரம் இல்லை!"

"வெயில்ல போயிருக்கும்."

"ராக்கியா ஊத்திக்கிட்டு ஓட்டினேன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

கோஸ்தா நிமிர்ந்தார். "போன ஈஸ்டரோட குடியை விட்டாச்சு. என் பொண்டாட்டி யாங்காவைக் கேட்டுப் பாரு."

"பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு, கடைசியில உன்னை மாதிரி தையல் ஃபேக்டரிதானேன்னு இதே கேட்டுல நின்னு எங்கம்மாவைக் கேட்டது யாரு? இந்தத் தெருவுல முதல் டிகிரி நான். அது உங்களுக்குப் பொறுக்கலை."

"கேட்டேன். தப்புதான். அதுக்காகக் காரையா இடிப்பேன்?"

ரலிட்சா போனை எடுத்தாள். "போலீஸைக் கூப்பிடறேன். அவங்களே வந்து ஐஸைத் தேடட்டும்."

"வேண்டாம்மா!"

கோஸ்தா கையை நீட்டித் தடுத்தார். குடித்துவிட்டு ஓட்டியதற்காக அவருடைய லைசென்ஸ் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது தெருவுக்கே தெரியும். இன்னொருமுறை அவர் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். ரலிட்சாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் போனை எடுத்தாள்.

கோஸ்தா மேட்டில் நின்ற தன் சிவப்பு லாடாவையே சிறிது நேரம் பார்த்தார்.

"புதுசு வாங்க உன்கிட்டயும் இல்லை, என்கிட்டயும் இல்லை. ரெண்டும் ஒரே வண்டிதானே? என்னோடதுக்குப் பின்பக்கம்தான் அடி. முன்பக்கத்தைக் கழட்டி உனக்கு மாட்டிடறேன். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன நம்ம கப்ரோவோ ஊர்க்காரன் எதையாவது கடையில வாங்கினான்னு கேள்விப்பட்டிருக்கியா?"

அவர் மட்டும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப உங்க வண்டி?"

"கிடக்கட்டும். திங்கக்கிழமை யாங்காவுக்குக் கால் மாவுக்கட்டுப் பிரிக்கணும். டவுன் பஸ்ல கூட்டிட்டுப் போறேன்."

மாவுக்கட்டோடு இந்த மேட்டிலா? கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. இடித்தவர் நடக்கட்டும்.

அன்று முழுக்கக் குளிரில் கிடந்து வேலை பார்த்தார் கோஸ்தா. துருப்பிடித்த போல்ட் வழுக்கி விரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார். சாயங்காலம் வெள்ளைக் காருக்குச் சிவப்பு மட்கார்ட், இரண்டு ஹெட்லைட். கேட்டுக்குக் கீழே இறக்கத்தைப் பார்த்தபடி காரைத் திருப்பி நிறுத்திச் சாவியை நீட்டினார். ரலிட்சா சாவியை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

ஃபேக்டரியிலிருந்து திரும்பிய அம்மா சிவப்பு மட்கார்டைத் தொட்டுப் பார்த்தாள். "பாவம்டி அந்த மனுஷன்."

"குடிகாரனுக்கு என்ன பாவம்?" என்றாள் ரலிட்சா.

திங்கட்கிழமை. விடியவில்லை. மூச்சு வெள்ளையாக வந்தது. காரில் ஏறினாள். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

கேட்டில் நின்ற அம்மா குரல் கொடுத்தாள். "திரும்பிப் பாக்காம போகணும். வியாழக்கிழமையும் பாக்காமதான் போனே, நல்லது நடந்துச்சு."

"சரி சரி, உள்ளே போம்மா. குளிருது."

ஜன்னலைக்கூட ஏற்றாமல் காரை மெல்ல நகர்த்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நடந்து போனபோது இல்லாத ஒன்று இன்று அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கண்ணாடி.

அதில் கேட் தெரிந்தது. அதற்கு மேலே மேட்டில், தெருவிளக்கின் அடியில், யாங்காவைத் தோளில் தாங்கி ஓரடி ஓரடியாக இறங்கிவரும் கோஸ்தா தெரிந்தார். முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த செம்புக் குடத்தை அம்மா இரண்டு கையாலும் தூக்குவது தெரிந்தது.

"தண்ணி ஓடற மாதிரி எல்லாம் தடங்கல் இல்லாம நடக்கட்டும் கண்ணு! வியாழக்கிழமை ஊத்தினது பலிச்சுதே, இதுவும் பலிக்கும்!"

குடத்துத் தண்ணீர் முழுவதும் கேட்டுக்கு நேராகச் சாலையில் விழுந்து பரவியது. ரலிட்சாவின் கால் பிரேக்கில் பதிந்தது. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தண்ணீர் ஓரங்களில் உறைந்து வெளுக்கத் தொடங்கியது.

கோஸ்தா நின்றார். தண்ணீரைப் பார்த்தார், காலிக் குடத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைத் தெருவின் மறுபக்கமாகத் திருப்பினார்.

"இப்படி ஓரமா வா யாங்கா. இந்த வாசல்ல ஐஸ் பிடிக்கும்."