செவிலியர் ஓய்வறைத் திறப்பு விழா

வயலை ஒட்டிய ஆஸ்பத்திரி வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. களைத்த செவிலியர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தெம்பு பெற ஓர் ஓய்வறை. அதைத் திறக்க வரும் அதிகாரியை வரவேற்க, அவர்களே காலையிலிருந்து வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் ஏழு மாதக் கர்ப்பிணியான குந்தவையின் கையில் பன்னீர்ச்செம்பு. வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்து கிடக்கிறது. "செத்த நேரம் உக்காந்துக்கவா மேடம்?" என்கிறாள். தலைமைச் செவிலியர் திரும்பாமலே, "போட்டோவுல வரிசை கோணலாயிடும்மா" என்கிறார். கார் வருகிறது. ரிப்பன் வெட்டப்படுகிறது. ஏ.சி. குளிரில், மெத்தென்ற சாய்வு நாற்காலியில் அதிகாரி சாய்ந்து பார்க்கிறார். கைதட்டல் ஓயுமுன் அவருக்குத் தூக்கத்தில் கண் செருகிவிடுகிறது. குந்தவை மெல்ல உள்ளே கால் வைக்கிறாள். தலைமைச் செவிலியர் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார். "உஸ்... ஐயா பாவம், தஞ்சாவூர்லேருந்து கார்ல உக்காந்தே வந்த அலுப்பு. நீ வார்டுக்குப் போம்மா."